அளவைகளும் அவற்றின் எல்லையும்: சைவ மரபில் அறிவும் அருளும்

திருவள்ளூர் மாவட்டம், அறிவு எதுவரை செல்லும் என்ற வினாவுக்கு விடையாக வாழ்ந்த இரண்டு அடியார்களின் ஊர்களை உடையது: காரைக்கால் அம்மையார் முத்தி பெற்ற திருவாலங்காடு, பூசலார் பிறந்த திருநின்றவூர். இவர்களை அறிவைப் புறந்தள்ளியவர்களாகக் கொள்வோர் உண்டு. இவர்களைப் போற்றும் மரபே தருக்கத்துக்கு எவ்வளவு இடம் கொடுத்தது என்பதைக் கண்டால் அக்கருத்து நில்லாது.

மணிமேகலையின் 27-ஆம் காதையிலேயே சமயவாதிகள் தத்தம் கொள்கையை முறையாக எடுத்துரைக்கின்றனர். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் உலகாயதம், பௌத்தம், சமணம், மாயாவாதம் முதலாகப் பதினான்கு கொள்கைகளை ஆராய்கிறார். மாற்றாரின் கருத்தை முதலில் அவர் கூறும் முறையிலேயே நிறுத்தி, அதன் பின்னரே மறுக்க வேண்டும் என்பது அங்கே கடைப்பிடிக்கப்படும் நெறி. இந்நெறியின் நேர்மை இன்றைய விவாதங்களிலும் அரிது. தம் கொள்கையை நிறுவும் பகுதியான சுபக்கத்தின் தொடக்கத்தில் அவர் அளவைகளை, அதாவது பொருளை அறிவதற்குரிய கருவிகளை, பத்தாக எண்ணி, காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறார். கண் முதலிய பொறிகளால் நேரே அறிவது காண்டல். புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்வது கருதல். இவ்விரண்டுக்கும் எட்டாததை நூலால் தெளிவது உரை.

ஆனால் ஒன்பதாம் சூத்திரத்தில் அவரே இக்கருவிகளுக்கு எல்லை வகுக்கிறார். சொல்லாலும் கருவிகளாலும் வரும் அறிவு பாசஞானம். உயிர் தன்னையே முதற்பொருளாகக் கருதுவது பசுஞானம். இவ்விரண்டாலும் இறைவனை அறிய இயலாது, அவன் அருளே அறிவாக நின்று காட்டும் பதிஞானத்தாலேயே இயலும் என்கிறார். வேதமும் புராணமும் தரும் நூலறிவும் பாசஞானத்தில் அடங்குகிறது என்பதே இதில் வியக்கத்தக்கது. தன் சாத்திரத்தையும் எல்லைக்குள் நிறுத்தும் துணிவு இம்மரபின் உயர்ந்த உரைகல்.

19-ஆம் நூற்றாண்டு டென்மார்க்கில் கீர்க்ககார்ட், அறிவு ஓயும் இடத்திலிருந்து மனிதன் அச்சத்தோடும் நடுக்கத்தோடும் விசுவாசத்துக்குள் பாய வேண்டும் என்றார். அவர் வழியில் வளர்ந்த இருத்தலியம், அதாவது தனிமனிதனின் இருப்பையும் தெரிவையும் முதன்மையாகக் கொள்ளும் தத்துவம், பின்னர் வெவ்வேறு வழிகளில் பிரிந்தது. சார்த்தர் இறைவனை மறுத்து, தன்னை ஆக்கும் பொறுப்பை மனிதனிடமே விட்டார். 1942-இல் காம்யு அந்தப் பாய்ச்சலையே தத்துவத் தற்கொலை என மறுத்தார். சைவ சித்தாந்தத்தில் எல்லையைக் கடப்பது உயிரின் பாய்ச்சலன்று, அருளின் வருகை. தன்னைத் தானே நிறைவாகக் கொள்ளும் உயிரைப் பசுஞானத்தில் நிற்பதாக அது மதிப்பிடும்.

அம்மையாரின் வாழ்வு இவ்வேறுபாட்டை மிகக் கூர்மையாகக் காட்டுகிறது. கணவன் அஞ்சி விலகியபின், அவனுக்காகத் தாங்கிய அழகுடலைக் கழித்துப் பேயுருவை வேண்டிப் பெற்று, சுடுகாட்டு அவலத்தை மறைக்காமல் பாடியவர் அவர். இருத்தலியர் பேசும் வெறுமையை அவர் அறியாதவரல்லர், அதன் நடுவிலேயே கூத்தனைக் கண்டார். பூசலாரோ கோயில் கட்டப் பொருளின்றி மனத்துள் கட்டியவர். சேக்கிழார் சொல்லும் முறையில், அவர் நல்ல நாள் பார்த்து அடிநிலை இட்டு, தச்சரைக் கொண்டு சிகரம் எழுப்பி, மதிலும் குளமும் அமைத்து, ஆகம நெறியில் ஒரு வேலையையும் தவிர்க்கவில்லை. காடவர் மன்னன் அக்கோயிலைத் தேடி வந்தபோது ஊரார் அப்படியொரு கோயில் இல்லை என்றனர். காண்டல் அளவையால் அவர்கள் கூறியதும் உண்மையே.