மீட்பரின் பூட்டு

நிண்டெண்டோவின் என்.இ.எஸ். இயந்திரம் 1985 அக்டோபரில் நியூயார்க் கடைகளுக்கு வந்தது. அதற்கு 40 ஆண்டு நிறைந்ததும், செத்துக் கிடந்த வீடியோ கேம் தொழிலை உயிர்ப்பித்த இயந்திரம் என்ற புகழாரம் மறுபடி கிளம்பியிருக்கிறது. கூடவே ஒரு வாதமும் வருகிறது: கண்டவரெல்லாம் மட்டமான விளையாட்டுகளை வெளியிட்டதால் 1983இல் அமெரிக்கச் சந்தை சரிந்தது, நிண்டெண்டோ கதவைப் பூட்டியதால்தான் தரம் பிழைத்தது. இதை நான் ஒருநாளும் ஏற்றதில்லை.

இயந்திரத்தின் பெருமையை மறுக்கவில்லை. கட்டைவிரலுக்கு அடங்கிய சிலுவைப் பொத்தானும், ஆட்டத்தைச் சேமிக்க ‘செல்டா’ கார்ட்ரிட்ஜுக்குள் வைத்த பேட்டரியும், ‘சூப்பர் மரியோ’வும் இன்றைய விளையாட்டுகளின் முன்னோர்கள்தாம்.

ஆனால் அந்தப் பூட்டு? அமெரிக்கப் பெட்டிக்குள் ஒரு சிப், ஒவ்வொரு கார்ட்ரிட்ஜுக்குள்ளும் அதன் ஜோடி. இரண்டும் ஒத்துப்போனால்தான் ஆட்டம் ஓடும். ஜோடிச் சிப் நிண்டெண்டோவின் கையில் இருந்ததால் அது சொன்னதே சட்டமாயிற்று. ஒரு நிறுவனம் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளுக்கு மேல் வெளியிடக் கூடாது. வெளியிட்டதை இரண்டு ஆண்டுக்கு வேறு இயந்திரத்துக்குத் தரக் கூடாது. கார்ட்ரிட்ஜை நிண்டெண்டோவே தயாரிக்கும், பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். ஐந்தைத் தாண்டுவதற்காக கோனாமி ‘அல்ட்ரா’ என்று இன்னொரு பெயரில் கடை விரித்தது. இதில் தரம் எங்கே வருகிறது? சினிமாப் பெயரை நம்பி அவசரமாகச் செய்த குப்பைகள் எத்தனையோ நிண்டெண்டோவின் தர முத்திரையைத் தாங்கி விற்றன.

இந்த வாதத்தை உடைக்க ஜப்பான் ஒன்றே போதும். இதே இயந்திரம் அங்கே 1983 ஜூலையில் ஃபேமிகாம் என்ற பெயரில் வந்தது. அதில் பூட்டுச் சிப் கிடையாது. உரிம ஒப்பந்தங்கள் அங்கும் இருந்தன என்பது உண்மை. ஆனால் பூட்டில்லாத அந்தப் பெட்டியில்தான் ‘சூப்பர் மரியோ’வும் ‘டிராகன் குவெஸ்ட்’டும் ‘ஃபைனல் ஃபேண்டஸி’யும் பிறந்தன. நம் ஊர்களில் ‘டிவி கேம்’ என்று விற்ற நகல்களும் ஃபேமிகாம் வழி வந்தவைதான். பிரிட்டனில் ஸ்பெக்ட்ரம், காமடோர் 64 கணினிகளுக்குப் பள்ளி மாணவர்கள்கூட வீட்டில் எழுதிய விளையாட்டுகள் ஒலிநாடாவில் பதிந்து விற்கப்பட்டன. அங்கே யாரும் வாசலில் காவல் நிற்கவில்லை, அமெரிக்கச் சரிவு போன்ற ஒன்றும் நடக்கவில்லை. அமெரிக்காவைக் காப்பாற்றியவை நல்ல விளையாட்டுகள். அந்தப் புகழைப் பூட்டு திருடிக்கொண்டது.

காசு கொடுத்து வாங்கியவரையும் அது விடவில்லை. கார்ட்ரிட்ஜின் தொடுமுனைகள் சரியாகப் பொருந்தாவிட்டால், பெட்டியிலிருந்த சிப் இயந்திரத்தை நொடிக்கொரு முறை மீண்டும் மீண்டும் தொடங்கவைக்கும். சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். அந்தத் தலைமுறை முழுதும் கார்ட்ரிட்ஜை ஊதிக்கொண்டிருந்ததில் இந்தச் சிப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்த இயந்திரத்தின் நீடித்த தாக்கம் என்று பேசுவோர் இந்தப் பூட்டைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். பெட்டியை விற்றவனே அதில் என்ன ஓடலாம் என்று தீர்மானிப்பான், ஓடுவதற்கெல்லாம் பங்கும் வாங்குவான் என்ற ஏற்பாட்டை பிளேஸ்டேஷனும் எக்ஸ்பாக்ஸும் அப்படியே எடுத்துக்கொண்டன. ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரில் 30 சதவீதம் கேட்டபோது அது உலகுக்குப் பழகிய வழக்கமாகிவிட்டிருந்தது. ‘பயனரின் பாதுகாப்புக்காக’ என்ற சமாதானமும் அன்றைய தர முத்திரையின் குரல்தான்.

1993இல் நிண்டெண்டோ இதே இயந்திரத்தைப் புது வடிவில், மலிவான விலையில் மறுபடி வெளியிட்டது. அதில் அந்தச் சிப்பை நிண்டெண்டோவே வைக்கவில்லை.