வாய் வழியே ஒரு காது

தவளைக்குக் காதுமடல் கிடையாது. கண்ணுக்குப் பின்னால் தோலோடு தோலாக ஒட்டி வட்டமாகத் தெரிகிறதே, அதுதான் செவிப்பறை. சிறு தவளைகளில் இரு காதுகளுக்கும் இடைவெளி ஒரு சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். ஒலி இரண்டையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எட்டிவிடும். ஆனாலும் கும்மிருட்டில் துணை கத்துகிற இடத்தைச் சரியாகப் பிடித்துவிடுகிறது.

சூட்சுமம் வாய்க்குள் இருக்கிறது. இரு காதுகளும் அகன்ற குழாய்களால் வாய்க்குழியில் திறக்கின்றன. ஒரு பக்கம் நுழைந்த ஒலி, மறுபக்கப் பறையை உள்ளிருந்தும் தள்ளுகிறது. உள்ளும் வெளியும் அழுத்தம் வேறுபடும் அளவுக்கே பறை அதிரும். திசை மாறினால் அதிர்வும் மாறும்.

சீனாவின் ஹுவாங்ஷான் ஓடைத் தவளையில் பெண்ணும் கூப்பிடும். ஆண் குரல் வந்த திக்கில் பாயும். 2008இல் வெளிவந்த ஆய்வுப்படி, குறி தவறுவது ஒரு பாகைக்கும் குறைவு. பெரிய தலை படைத்த யானைக்கு நிகரான துல்லியம்!