உண்மை விலை

ஆண்ட்ரூ மார்கன் இயக்கி 2015இல் வெளிவந்த 'தி ட்ரூ காஸ்ட்' எனும் ஆவணப்படத்தைக் கண்டோம், கலங்கினோம். கலக்கத்தினூடே ஒரு குறையையும் கண்டோம்.

டாக்காவை அடுத்த சவார். 2013 ஏப்ரல் 24. எட்டடுக்கு ராணா பிளாசா சரிந்தது. 1,134 பேர் மாண்டனர். சுவரில் விழுந்த பிளவை முதல் நாளே கண்டனர். கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியரை வெளியேற்றியது. ஆடை ஆலையினரோ மறுநாட் காலை தொழிலாளரை உள்ளே விரட்டினர். வாரம் ஒரு மோஸ்தர் கேட்கும் மேலைநாட்டுக் கடைக்குச் சரக்கு போயாக வேண்டுமே! விதி என்பார் சிலர். வங்கி ஊழியருக்கு மட்டும் விதி விடுமுறை அளித்ததோ?

கான்பூர்க் காட்சியும் உண்டு. தோல் ஆலைகளின் குரோமியக் கழிவு கங்கையிற் கலக்கிறது. பாவம் போக்கும் நதி என்பர். குரோமியத்தைப் போக்கக் காணோம்!

இத்தனையும் காட்டிய படம் மருந்தென எதைக் காட்டுகிறது? பெரும்பாலும், பார்த்து வாங்கும் நல்லோரை. நியாய வணிகம் நடத்துவோரை. நல்லோரை நாம் இகழவில்லை. ஆனால் சங்கம் அமைத்துக் கோரிக்கை வைத்தமைக்காக அடிபட்ட டாக்காப் பெண்ணும் இதே படத்தில்தான் பேசுகிறார். 2014 சனவரியில், மாதம் 160 டாலர் கூலி கேட்டுத் தெருவில் நின்று குண்டடிபட்ட கம்போடியத் தொழிலாளரும் வருகின்றனர். இவர்களைக் கண்ணீருக்குச் சான்றாக நிறுத்திய இயக்குநர், விடைக்கு வழிகாட்டிகளாக நிறுத்தவில்லையே, ஏன்? வங்கதேச ஆலைகளின் தீ, கட்டடப் பாதுகாப்புக்காக ஆடை நிறுவனங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்திய உடன்படிக்கை 2013 மே திங்களில் பிறந்தது. நிறுவனங்களுக்கு எதிரே அமர்ந்து அதில் கையொப்பமிட்டவை தொழிற்சங்கங்கள்.