அறிக்கையை எழுதுவோரும் வாசிப்போரும்

ஒரு சுரங்கமோ துறைமுகமோ நெடுஞ்சாலையோ தொடங்கப்படுமுன், அதனால் நிலத்துக்கும் நீருக்கும் உயிரினங்களுக்கும் மக்கள் வாழ்க்கைக்கும் என்ன நேரும் என்பதை ஆராய்ந்து, அனுமதி தரலாமா, தந்தால் எந்த நிபந்தனைகளோடு தரலாம் என்று அரசு முடிவெடுக்க உதவும் நடைமுறையே சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு ஆகும். இலங்கைத் தமிழில் இதனைச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்பர். அமெரிக்காவின் 1969-ஆம் ஆண்டுத் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தில் தோன்றிய இந்நடைமுறை, இந்தியாவில் 1994 ஜனவரி 27 அன்று வெளியான அறிவிக்கையால் கட்டாயமாகி, 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையால் இன்றைய வடிவத்தை அடைந்தது. சட்டத்தை ஒரே நாளில் அரசிதழில் வெளியிட்டுவிடலாம். அதைக் கையாளத் தெரிந்த மண்ணியலாளர், பறவையியலாளர், நிலத்தடி நீர் வல்லுநர் ஆகியோரை அப்படி உருவாக்க இயலாது. வளரும் நாடுகள் பலவும் எதிர்கொண்ட இக்குறையை நிரப்ப எழுந்தவையே தொழில்முறை வல்லுநர்களின் வலையமைப்புகள்.

அவற்றின் பணியைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. 1980-ல் அமைந்த பன்னாட்டுத் தாக்க மதிப்பீட்டுச் சங்கம், எந்த நாட்டில் எழுதப்பட்டாலும் ஓர் அறிக்கை நிறைவு செய்யவேண்டிய நெறிகளை வகுத்தது. நெதர்லாந்து அரசின் நிதியுதவியோடு அது நடத்திய பல்லுயிர் வளம் சார்ந்த பயிற்சித் திட்டம், தாவரப் பெயர்களையும் விலங்குப் பெயர்களையும் பட்டியலிடுவதோடு நின்றுவிடும் அறிக்கை போதாது, உயிரினங்களுக்கும் அவற்றின் வாழிடத்துக்கும் உள்ள உறவை ஆராய வேண்டும் என்ற பார்வையை ஆப்பிரிக்காவுக்கும் தெற்காசியாவுக்கும் கொண்டுவந்தது. நமீபியாவின் விந்தூக் நகரில் உள்ள தென்னாப்பிரிக்கப் பிராந்தியச் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு நிறுவனமும், டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனமும் அதே வழியில் அதிகாரிகளுக்கும் ஆலோசகர்களுக்கும் பயிற்சி அளித்தன. இந்தியத் தரக் கவுன்சிலின் அங்கமான கல்வி, பயிற்சி அங்கீகார வாரியம் ஆலோசனை நிறுவனங்களுக்குத் தகுதிச் சான்று வழங்கத் தொடங்கி, அச்சான்று கட்டாயமாக்கப்பட்ட பின், துறை வல்லுநர் எவருமின்றி அறிக்கை தயாரித்துவிடும் வழக்கம் பெருமளவு கட்டுக்குள் வந்தது.

ஆயினும் இத்தனை பயிற்சியும் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று கேட்டால், அறிக்கையை எழுதுவோரிடமும் அதற்கு ஒப்புதல் வழங்குவோரிடமும் என்பதே பெரும்பாலும் விடையாக அமையும். எழுதுவோருக்கு ஊதியம் தருபவர் திட்டத்தை நடத்த விரும்பும் நிறுவனமே. ஆகவே அவரது தேர்ச்சி கூடக்கூட, பாதிப்பை மறைக்கும் திறனும் உடன் கூடும் வாய்ப்பு உண்டு. 2007 அளவில் மகாராட்டிரத்தின் ரத்தினகிரி மாவட்டத்துப் பாக்சைட் சுரங்கம் ஒன்றுக்கான அறிக்கையில், ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கையிலிருந்து பகுதிகள் எடுத்தாளப்பட்டிருந்தது வெளிப்பட்டது. அதை எழுதியோர் பயிற்சி இல்லாதவர்கள் அல்லர். அறிக்கையை ஊன்றிப் படித்துக் கேள்வி எழுப்புவோர் இருக்கமாட்டார்கள் என்ற துணிவுதான் அத்தவற்றுக்கு இடம் தந்தது. நெதர்லாந்திலும் அறிக்கைக்கான செலவைத் திட்ட நிறுவனமே ஏற்கிறது. ஆனால் 1987 முதல் அங்கு இயங்கும் தன்னாட்சி ஆணையம் அந்த அறிக்கைகளை ஆராய்ந்து குறைகளைப் பொதுவில் வெளியிடுகிறது. எழுதும் திறனோடு வாசிக்கும் திறனையும் ஓர் அமைப்பாகக் கட்டியெழுப்பியதில்தான் அந்நாட்டு முறையின் வலிமை இருக்கிறது.

விழுப்புரம் மாவட்டத்தில் வாசிப்போர் இல்லாத இக்குறை எந்த வடிவில் வெளிப்படுகிறது என்பதைத் திண்டிவனம், செஞ்சி வட்டாரம் தெளிவாகக் காட்டுகிறது. கருங்கல் குன்றுகளும் அவற்றின் அடிவாரத்து ஏரிகளும் நிறைந்த இப்பகுதிக்கு உரிய திட்டம் அணையோ அனல்மின் நிலையமோ அன்று. சில ஏக்கர் அளவிலான கல்குவாரியும், அதையொட்டிய ஜல்லி, எம்-சாண்ட் கிரஷரும்தான். பன்னாட்டுப் பயிற்சிகள் பெருந்திட்டங்களையே முன்மாதிரியாகக் கொண்டவை ஆதலால், இச்சிறு திட்டங்கள் நெடுங்காலம் எவர் பார்வையிலும் படவில்லை. 5 ஹெக்டேருக்குக் குறைந்த குத்தகைகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012 பிப்ரவரி 27 அன்று தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. 2016-ல் மத்திய அரசு இவ்வனுமதியை வழங்கும் அதிகாரத்தை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்ட ஆணையத்துக்கு அளித்தது. ஏற்கெனவே பணிச்சுமை மிக்க மாவட்ட அலுவலர்கள் தூசியின் பரவலையும் வெடிப்பின் அதிர்வையும் நிலத்தடி நீரின் போக்கையும் மதிப்பிடவேண்டியவர்களாயினர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2018 செப்டம்பர் 13 ஆணையில் அம்முறையை ஏற்க மறுத்ததால் அப்பொறுப்பு மாநில ஆணையத்திடம் திரும்பியது. ஒன்றுக்கொன்று 500 மீட்டருக்குள் அமைந்த குவாரிகளைத் தொகுதியாகக் கொண்டு, மொத்தப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால் முழு மதிப்பீடும் மக்கள் கருத்துக்கேட்பும் வேண்டும் என்ற விதி இன்று உண்டு. அந்த 500 மீட்டரை யார் அளக்கிறார், எந்தக் குத்தகை கணக்கில் விடுபட்டது என்பதைச் சொல்லக்கூடியவர் ஊரில் இருப்பவரே. அவருக்கோ இந்த விதியைச் சொல்லித்தர எந்தப் பயிற்சி வகுப்பும் நடப்பதில்லை.

அறிக்கைகளின் உள்ளடக்கத்திலும் இதே இடைவெளி தென்படுகிறது. திட்டம் வருமுன் அவ்விடம் இருக்கும் நிலையைக் காட்டும் அடிப்படைத் தரவு, மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத்தில், அதாவது மூன்று மாதங்களில் திரட்டப்பட்டால் போதும் என்பது நடைமுறை. மார்ச் முதல் மே வரை திரட்டுவோர் திண்டிவனம் வட்டாரத்தில் காண்பது வறண்ட ஏரிகளையே. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பி, கலங்கல் வழிந்து, வாய்க்கால் வழியே அடுத்த ஏரிக்கு நீர் செல்லும் சங்கிலி அத்தரவில் இடம்பெறாது. மரக்காணம், வானூர் வட்டங்களில் பரவி, 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலிக்குப் பனிக்காலத்தில் வந்து கோடைக்கு முன் திரும்பிவிடும் வலசைப் பறவைகளும் அப்படியே விடுபடும். இங்கே எவரும் பொய் எழுத வேண்டியதில்லை. விதிப்படி எழுதினாலே உண்மை தப்பிவிடுகிறது. ஏரிப் பாசனத்தில் உழவு செய்யும் எவரும் இதை ஒரு நிமிடத்தில் சுட்டிக்காட்டிவிடுவார்.

இவ்வட்டாரத்தின் சமணக் குன்றுகள் இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு. தமிழ்ச் சமணர்களின் ஜினகாஞ்சி மடம் அமைந்த மேல்சித்தாமூரில் மலைநாதர் கோயில் பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் உருவங்களும், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரைக் குறிக்கும் கல்வெட்டும் உள்ளன. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று மத்திய அரசு அறிவித்த இடத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி என்பது 2010-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம். பட்டியலில் ஏறாத கற்படுக்கைக்கும் ஒற்றைப் புடைப்புச் சிற்பத்துக்கும் அந்த வேலி இல்லை. படிவத்திலோ பாதுகாக்கப்பட்ட சின்னம் எதுவும் இல்லை என்று ஒரு வரியில் முடிந்துவிடும். எந்தக் குன்றில் என்ன இருக்கிறது என்பதை அவ்வூர்ச் சமணக் குடும்பங்களும் ஆடு மேய்ப்போரும் அறிவர். அவ்வறிவைக் கேட்டுப் பதிவதற்கான நிரல் எந்த அங்கீகாரத் திட்டத்திலும் ஒரு தனித்துறையாக இல்லை என்பது பெருங்குறை.

அவ்வறிவு அரசின் காதில் விழுவதற்கென்று சட்டம் வைத்திருக்கும் முதன்மையான இடம் கருத்துக்கேட்புக் கூட்டமே. அதற்கு முன் அறிக்கையின் சுருக்கம் மட்டுமே தமிழில் தரப்பட வேண்டும் என்கிறது விதி. முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். 2020-ல் புதிய அறிவிக்கையின் வரைவை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் வெளியிடுமாறு தில்லி உயர் நீதிமன்றம் சொன்னபோது, மத்திய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அந்த வரைவைத் தமிழில் பெயர்த்துப் பரப்பியவர்கள் தன்னார்வலர்கள்.

ஆகவே வேறு வகை வலையமைப்புகளையும் இக்கணக்கில் சேர்த்தாக வேண்டும். விழுப்புரமும் கடலூரும் 1993 வரை ஒரே தென்னாற்காடு மாவட்டமாக இருந்தவை. அந்தக் கடலூரில் 2004 முதல் சிப்காட் தொழிற்பேட்டைச் சுற்றுவட்டாரக் கிராமத்தினர் தாங்களே காற்று மாதிரி எடுக்கவும் நாற்றத்தை நாள்வாரியாகக் குறிக்கவும் பழகிக்கொண்டனர். மதுரையில் யானைமலையைக் காக்கும் முயற்சியை ஒட்டி 2010-ல் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கிய பசுமை நடை, சமணக் குன்றுகளைப் பொதுமக்கள் நடந்து அறியும் பழக்கத்தை வளர்த்தது. 2022-ல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமான அரிட்டாபட்டி உள்ளிட்ட நிலப்பரப்பு 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனபோது, அங்கே என்ன இருக்கிறது என்று நாட்டுக்குச் சொல்ல ஊராரிடம் பதிவுகள் ஆயத்தமாக இருந்தன. 2025 ஜனவரியில் ஏலம் கைவிடப்பட்டது. இவற்றுக்கும் குறைகள் உண்டு. ஒரு சிலரின் உழைப்பை நம்பியிருப்பதால் அவர்கள் ஓய்ந்தால் இவையும் ஓயும். அளவீட்டு நெறி சீராக இல்லாவிட்டால் இவர்கள் திரட்டிய தரவை வல்லுநர் குழு எளிதில் ஒதுக்கிவிடும். வல்லுநர் வலையமைப்பு கைகொடுக்க வேண்டிய இடம் சரியாக இதுவே; அதுவோ பெரும்பாலும் மாநாட்டு அரங்குகளில் நின்றுவிடுகிறது.

இன்னொரு வரம்பும் உண்டு. எந்தப் பயிற்சியும், கருத்துச் சொல்லும் வாய்ப்பே பறிக்கப்பட்டால் பயன் தராது. அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் ஆகியவற்றுக்கான சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளித்து மத்திய அமைச்சகம் 2025 செப்டம்பரில் குறிப்பாணை வெளியிட்டது. அரிட்டாபட்டியில் தேடப்பட்ட டங்ஸ்டனும் முக்கியக் கனிமமே. தங்கள் தொழிலின் அடிப்படையே இதனால் அரிக்கப்படுகிறது என்பதை வல்லுநர் அமைப்புகள் வெளிப்படையாகச் சொல்லக் கடமைப்பட்டவை.

கல்குவாரிகளைப் பொறுத்தவரை வாய்ப்பு இன்னும் இருக்கிறது. முழு அறிக்கையும் தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் வைக்கப்பட வேண்டும். அதைப் படிக்கவும் வரைபடத்தில் தம் ஏரியையும் குன்றையும் தேடவும் கற்றுத்தரும் பயிற்சி திண்டிவனத்திலும் செஞ்சியிலும் நடக்க வேண்டும். அதைக் கேட்டுப் பெறும் உரிமை ஊராருக்கு உண்டு. கருத்துக்கேட்பு அறிவிப்பு நாளிதழில் வெளிவந்த நாளிலிருந்து அவர்களுக்கு உறுதியாகக் கிடைப்பது 30 நாள் அவகாசம் மட்டுமே.