‘போவேன்’ என்ற இறந்தகாலம்

ஒரு வாய்மொழி வரலாற்றுத் தொகுப்புக்காக என் பாட்டி பேசியதை எழுத்தாக்கிக் கொடுத்திருந்தேன். மெய்ப்பு திரும்பி வந்தபோது பக்கமெல்லாம் சிவப்பு மை. “விடியறதுக்கு முன்னாடி ஆத்துக்குப் போவேன், மணல்ல ஊத்துத் தோண்டுவேன், ரெண்டு கொடம் தண்ணி கொண்டாருவேன், அப்புறம் தார் சுத்த உக்காருவேன்” என்று பாட்டி சொன்னது, “போனேன், தோண்டினேன், கொண்டுவந்தேன், உட்கார்ந்தேன்” என்று ஆகியிருந்தது. ஓரத்தில் ஒரு குறிப்பு: நடந்து முடிந்ததற்கு எதிர்கால வினை வராது.

திருத்தியவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பள்ளியில் நாம் எல்லோரும் படித்த இலக்கணம் அதைத்தான் சொல்கிறது. ப், வ் எதிர்கால இடைநிலைகள். ‘போவேன்’ என்றால் நாளைக்கு. ஆனால் திருத்திய பக்கத்தைப் படித்தால், பள்ளிப்பட்டில் கொசஸ்தலை ஆற்றுக்கு என் பாட்டி வாழ்நாளில் ஒரே ஒரு தடவை தண்ணீருக்குப் போய் வந்தது போல இருந்தது. நாற்பது வருஷத்துத் தண்ணீர் ஒரே விடியற்காலையாகச் சுருங்கிவிட்டது.

இங்கே என்ன நடந்தது என்று எனக்குக் காட்டிக் கொடுத்தது இத்தாலிய மொழியின் ஒரு வினைச்சொல் அட்டவணை. அந்த மொழியை நான் படிக்கத் தொடங்கியது சும்மா ஆசைக்காகத்தான். தொடங்கிய கொஞ்ச நாளிலேயே குறுக்கே வந்து நிற்கும் சொல் ‘அந்தாரே’, அதாவது போதல். ஒழுங்குக்கு அடங்காத வினை. நான் போகிறேன் என்பதற்கு ‘வாதோ’. நீ போகிறாய் ‘வாய்’. அவனோ அவளோ போனால் ‘வா’. நாம் என்று வந்ததும் சொல்லே மாறி ‘அந்தியாமோ’ ஆகிவிடும். நீங்கள் என்றால் ‘அந்தாத்தே’. அவர்கள் என்றதும் பழையபடி ‘வான்னோ’. இரண்டு வேறு வேர்கள் ஒரே அட்டவணைக்குள் குடித்தனம் நடத்துகின்றன. ஒன்று இலத்தீனின் ‘வாதேரே’. மற்றதன் பிறப்பைப் பற்றி அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. (ஏவலில் ‘போ’ என்பதற்கும் அங்கே ‘வா’தான். தமிழ்க் காதுக்கு இதைவிடக் குறும்பு வேண்டுமா?) நம் ‘போ’வும் ஒன்றும் சாதுவல்ல: போகிறேன், போவேன், போனேன், போய், போயிற்று, பேச்சில் போச்சு.

விருப்பம், அச்சம், ஐயம் இவற்றைத் தொட்டு வரும் வினைக்கு அவர்கள் தனி வடிவம் வைத்திருக்கிறார்கள். நான் போகவேண்டும் என்று இன்னொருவர் விரும்பினால் அந்தப் போதல் ‘வாதோ’ இல்லை, ‘வாதா’. முடிந்தால் போவேனே என்பதற்கு ‘அந்த்ரெய்’. அடுத்தவர் விருப்பத்துக்கு உட்பட்ட நம் பயணத்துக்கென்று தனி விகுதியே இருக்கிறது என்று படித்தபோது சிரித்துவிட்டேன். அதை வைத்தே ஒரு கட்டுரை எழுதலாம், இப்போது வேண்டாம்.

நான் நின்றுபோனது இறந்தகாலத்தில். ‘சோனோ அந்தாத்தா’ என்றால் போனேன். ஒரு தடவை, முடிந்தது. ‘அந்தாவோ’ என்றால் போவேன், போய்க்கொண்டிருந்தேன், போவது வழக்கம். எப்போது தொடங்கியது, எப்போது நின்றது என்று கேட்கக் கூடாது. இரண்டாவதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘இம்பெர்ஃபெத்தோ’, முற்றுப்பெறாதது. அவ்வாவின் ‘போவேன்’ இதுதான் (எங்கள் வீட்டில் பாட்டியை அவ்வா என்போம்; தெலுங்கும் தமிழும் கலந்த வீடு). பேசுகிற யாருக்கும் இதில் குழப்பமில்லை. ‘அப்போல்லாம்’ என்று ஒரு சொல் முன்னால் வந்தால் போதும், ‘போவேன்’ பின்னோக்கித் திரும்பிக்கொள்ளும்.

நம் பழைய இலக்கணம் இதை அறியாததல்ல. நன்னூலார் கால மயக்கத்துக்கு இடம் கொடுத்திருக்கிறார். முன்பு நாங்கள் விளையாடிய சோலை இது என்பதை எதிர்கால வடிவில் சொல்லும் வாக்கியம் ஒன்றை உரைகாரர்கள் உதாரணமாகக் காட்டுவார்கள். ஆனால் இதை வைத்திருக்கும் இடத்தின் பெயரைக் கவனியுங்கள்: வழுவமைதி. பிழைதான், போகட்டும் என்று ஏற்றுக்கொண்ட பிழை. இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. உதாரணத்துக்கு அகப்பட்டது விளையாட்டு. தண்ணீர் சுமப்பதோ தார் சுற்றுவதோ இல்லை.

தார் என்ன என்று தெரியாதவர்களுக்கு: நாடாவுக்குள் வைக்கும் சிறு குழலில் ஊடை நூலைச் சுற்றித் தருவது. எங்கள் பக்கத்துத் தறி வீடுகளில் அது பெரும்பாலும் பெண்களின், பிள்ளைகளின் வேலை. தறியில் உட்கார்ந்தவர் பெயரில் கூலி வரும். ஒரு சேலை முடிந்தால் அதற்குத் தேதி உண்டு, கணக்கு உண்டு. தாருக்குத் தேதி ஏது? ‘சுத்துவேன்’ என்றுதான் சொல்ல முடியும். ‘சுற்றினேன்’ என்று சொல்ல ஒரு நாள் வேண்டும், ஒரு முடிவு வேண்டும்.

இந்தக் காலத்தை ஒரு புத்தகம் முழுக்க நடத்திக் காட்டியவர் நத்தாலியா ஜின்ஸ்பர்க். 1963இல் வந்து அதே ஆண்டு ஸ்த்ரேகா பரிசு பெற்ற ‘லெஸ்ஸிகோ ஃபமிலியாரே’, தூரின் நகரத்தில் அவர் பிறந்த குடும்பத்தின் கதை. அப்பா சொல்வார், அம்மா சொல்வாள் என்று ‘திச்சேவா’ வந்துகொண்டே இருக்கும். யார் என்ன சாதித்தார்கள் என்பதைவிட, யார் எதைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள் என்பதே அதன் உடம்பு. அவருடைய கணவர் லெயோனே 1944 பிப்ரவரியில் ரோம் நகரச் சிறையில் இறந்தார். புத்தகத்தில் அந்தச் சாவு சில சொற்களில் கடந்துபோகிறது. வரலாறு பெரிய எழுத்தில் போடும் நிகழ்ச்சி அங்கே சிறியது. அம்மாவின் வாயில் தினமும் புழங்கிய சொல் பெரியது. இதை அடக்கம் என்று புகழ்வோர் உண்டு. எனக்கு அது கணக்கு மாற்றி எழுதுவதாகத் தோன்றுகிறது.

ஜும்பா லாஹிரி வேறு வழியில் இதே கட்டத்துக்கு வருகிறார். வங்காளத் தாய்மொழியும் ஆங்கிலக் கல்வியும் கொண்ட அவர், இத்தாலிய மொழியிலேயே எழுதி 2015இல் வெளியிட்ட ‘இன் ஆல்த்ரே பரோலே’யில் ஓர் அத்தியாயம் இம்பெர்ஃபெத்தோவைப் பற்றியது. எங்கே அதைப் போடுவது, எங்கே மற்றதைப் போடுவது என்று திணறியதை ஒளிக்காமல் எழுதுகிறார். எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆனால் அங்கிருந்து அவர் போகும் திசையோடு எனக்குச் சண்டை உண்டு. முற்றுப்பெறாமை என்பதைத் தன் குணமாக, தன் வாழ்நாள் குறையுணர்வின் உருவகமாக எடுத்துக்கொள்கிறார். இலக்கணக் கட்டம் அகத்தின் கண்ணாடி ஆகிவிடுகிறது. அவருடைய வங்காள மொழியிலேயே ‘போவது வழக்கம்’ என்பதற்கு ‘ஜேதாம்’ என்று தனி வடிவம் உண்டு. சமையலறையில் அதைச் சொல்லியிருக்கக்கூடிய பெண்கள் என் மனதில் வருகிறார்கள். அவர்கள் வேலை முற்றுப்பெறாதது குறையுணர்வினால் அல்ல. மறுநாளும் பசிக்கும் என்பதனால்.

இங்கே நானும் ஓர் ஒப்புதல் செய்ய வேண்டும். அவ்வாவின் பேச்சில் பாதி தெலுங்கு. அதில் அவர் சொன்னது ‘போயேதான்னி’. இதே வழக்கத்தை ஓர் ஆண் சொன்னால் ‘போயேவாண்ணி’ என்பார். நான் என்று தன்னைப் பற்றிப் பேசும்போதே, பழக்கத்தைச் சொல்லும் வினையில் தெலுங்கு ஆண், பெண் என்று பிரித்துவிடுகிறது. இத்தாலிய மொழியும் பிரிக்கிறது, ஆனால் மறுபக்கத்தில்: போய் முடித்த பெண் ‘அந்தாத்தா’, ஆண் ‘அந்தாத்தோ’, வழக்கமாகப் போனவர் யாராக இருந்தாலும் ‘அந்தாவோ’. தமிழின் ‘போவேன்’, ‘போனேன்’ இரண்டிலும் பேசுவது யாரென்று தெரியாது. அவ்வாவின் தெலுங்கைத் தமிழாக்கியபோது, வினையின் வாலில் இருந்த பெண்ணை நானே சத்தமில்லாமல் வெட்டியிருக்கிறேன். சிவப்பு மை இல்லாத திருத்தம்.

அந்த ‘தான்னி’ இன்னொரு பேச்சையும் கிளப்பும். அது ‘அது’வின் உறவு. தெலுங்கில் அவள் போனாலும் பஸ் போனாலும் ‘போயிந்தி’தான், ஒருமையில் பெண்ணும் பொருளும் ஒரே விகுதி. தமிழைப் படித்தவர்கள் இதைக் கேட்டதும், பெண்ணை அஃறிணை ஆக்கிவிட்டார்களே என்று பரிதாபப்படுவார்கள். அவசரம் வேண்டாம். பன்மையில் அதே தெலுங்கு பெண்களை ஆண்களோடு சேர்த்து ‘போயினாரு’ என்கிறது, பொருட்களோடு சேர்ப்பதில்லை. இத்தாலிய மொழியிலோ, தொண்ணூற்றொன்பது பெண்களோடு ஓர் ஆண் போனாலும் எல்லோரும் ஆண்பால் ‘அந்தாத்தி’. இந்த மாதிரி ஆண்பால் ஆதிக்கத்தைப் பட்டியலிட்டு, 1987இல் ஆல்மா சபத்தீனி இத்தாலிய அரசுக்காகப் பரிந்துரை நூலே எழுத வேண்டியிருந்தது. ‘போனாள்’ என்று தனி விகுதி வைத்திருக்கும் நம் தெருவிலும் ‘அந்தப் பொண்ணு போச்சு’ தினமும் காதில் விழுகிறது. விகுதியை மட்டும் பார்த்து ஒரு மொழியின் பெண்களுடைய நிலையைக் கணக்குப் போட முடியாது. எந்தக் கட்டத்தில் யார் பேச வேண்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

தாத்தாவும் அதே ஒலிப்பதிவில் இருக்கிறார். சித்தூர் மாவட்டத்திலிருந்த திருத்தணிப் பகுதி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு முன்னால் ம.பொ.சி. நடத்திய வட எல்லைப் போராட்டம். தாத்தா அதைச் சொல்லும்போது வினையெல்லாம் ‘ன்’ போட்டு முடியும்: திருத்தணிக்குப் போனேன், மறியல்ல நின்னேன். சேர்ந்த அன்று நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அவ்வாவிடம் கேட்டேன். “என்னா செய்வேன், தண்ணிக்குப் போவேன்” என்றார்.

இதிலிருந்து, தொடர்ச்சி பெண்ணின் இயல்பு, நிகழ்ச்சி ஆணின் இயல்பு என்று ஒரு ‘பெண்மொழி’ கட்டிவிடலாம். கட்டியும் இருப்பேன், தாத்தா தறியைப் பற்றிப் பேசாமல் இருந்திருந்தால். தறிக்கு வந்ததும் அவரும் ‘உக்காருவேன், நெய்வேன், சாயந்தரம் இடுப்பு போயிடும்’ என்கிறார். இது உழைப்பின் காலம். உடம்பின் பால் பார்த்து வருவதில்லை. வித்தியாசம் வேறு இடத்தில். தாத்தாவுக்கு இரண்டு காலமும் வாய்த்தது. ஒன்றில் சலித்தால் மற்றதில் போய் உட்காரலாம்.

அவ்வாவுக்கும் ஒன்று வாய்த்தது. பதிவின் கடைசிப் பகுதியில், யாரும் கேட்காமலே: “ஒரு தரம் நகரிக்குப் போனேன். சொல்லாம போனேன். மூணு ராத்திரி எங்கம்மா வீட்ல இருந்தேன்.” ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. நாற்பது வருஷப் ‘போவேன்’களுக்கு நடுவில் அந்தப் ‘போனேன்’ வந்து விழுந்தபோது ஒலிப்பதிவில் என் மூச்சுச் சத்தம் கேட்கிறது.

அந்த வரியைத் திருத்துநர் தொடவில்லை. அது ஏற்கெனவே இலக்கணப்படி சரி. ஆனால் சுற்றியுள்ளதெல்லாம் ‘போனேன்’ ஆகிவிட்ட பக்கத்தில், நகரிக்குப் போனது ஆற்றுக்குப் போனதோடு கலந்து, இருக்கிற இடம் தெரியாமல் போயிருந்தது. பச்சைப் பேனாவை எடுத்து ஒவ்வொரு ‘வ்’வையும் திரும்பப் போட்டேன். தெலுங்கு வந்த இடங்களில் ‘போயேதான்னி’யை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதினேன். நகரி வரியை விட்டுவிட்டேன்.