கற்பது ஆளா, அடுப்பா?

'டைனர் டேஷ்' விளையாட்டில் உணவகத்தில் பரிமாறும் ஃப்ளோவுக்கு இரண்டே கைகள். வந்தவர்களை உட்கார வைத்து, ஆர்டர் எடுத்து, சீட்டைச் சமையல்காரரிடம் கொடுத்து, தட்டைக் கொண்டுவந்து, பில் பணம் வாங்கி, எச்சில் தட்டையும் எடுக்க வேண்டும். தாமதமானால் வாடிக்கையாளரின் பொறுமையைக் காட்டும் இதயங்கள் ஒவ்வொன்றாகக் குறையும். புதிதாக ஆடுகிறவர் இதயம் குறைந்த மேசையைப் பார்த்தே ஓடுவார். நானும் அப்படித்தான் ஓடினேன். ஆனால் ஒரே வேலையை அடுத்தடுத்து இரண்டு மூன்று மேசைகளுக்குச் செய்தால் மதிப்பெண் பெருகும். முதல் மேசை தயாரானாலும், பக்கத்து மேசையும் தயாராகும் வரை கொஞ்சம் பொறுத்து, இரண்டு ஆர்டரையும் ஒரே நடையில் எடுப்பதுதான் சரி. அவசரத்தின் நடுவே காத்திருக்கக் கற்றுத்தருகிறது இந்த விளையாட்டு. கேம்லேப் நிறுவனம் உருவாக்கி இருபது ஆண்டுகள் கடந்தும் இந்த அமைப்பின் அழகு குறையவில்லை.

இன்று போனில் இலவசமாகக் கிடைக்கும் பல சமையல் விளையாட்டுகளில் இந்தக் கல்வி பாதியில் நின்றுவிடுகிறது. முதல் சில சுற்றுகள் சுலபம். பிறகு இலக்கு ஏறும், அடுப்பு ஏறாது. ஒரு நிமிடத்தில் அடுப்பு வேகவைப்பதைவிட அதிகமாக ஆட்கள் கேட்டால், எவ்வளவு சாமர்த்தியமாக ஆடினாலும் மூன்று நட்சத்திரம் கிடைக்காது. பழைய சுற்றுகளைத் திரும்பத் திரும்ப ஆடிக் காசு சேர்க்க வேண்டும், அல்லது சொந்தப் பணத்தைக் கட்டி வேகமான அடுப்பு வாங்க வேண்டும். எதை முதலில் வாங்குவது, அடுப்பா தட்டா என்று கணக்குப் போடுவதில் ஒரு சுவை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இருபதாவது சுற்றில் நான் ஆடுவது முதல் சுற்றில் ஆடியதைப் போலவேதான் இருக்கிறது. தேறியது அடுப்பு மட்டும்.

2016-இல் வந்த 'ஓவர்குக்ட்' அப்படியல்ல. வெங்காயத்தை நறுக்கிச் சூப் வைக்கும் அதே வேலைதான், சமையலறைதான் மாறுகிறது. ஓடும் லாரிகளின் மேல் அது இரண்டாகப் பிரியும்போது, யார் எந்தப் பக்கம் நிற்பது என்று கூட்டாளியோடு பேசியே ஆக வேண்டும். கடினம் கூடக் கூட வேலைப் பங்கீடும் தேறுகிறது. தனியாக ஆடுகிறவருக்கு மட்டும் பெரும்பாடு: இரண்டு சமையல்காரர்களையும் மாறி மாறி அவரே நகர்த்த வேண்டும். யோசனை சரியாக இருந்தும் விரல் மெதுவாக ஓடுகிறவர்களுக்கு இந்த வகை விளையாட்டுகள் நெடுநாள் இடம் தரவில்லை. 2020-இல் வந்த 'ஓவர்குக்ட்' தொகுப்புப் பதிப்பில் சுற்றின் நேரத்தை நீட்டிக்கொள்ளும் உதவி முறை சேர்ந்தது. இதைச் சலுகை என்று பார்க்கக் கூடாது. திட்டமிடும் சுகம் கைவேகம் உள்ளவர்களுக்கு மட்டும் உரியதல்ல.

இன்னொரு குறை பாக்கி. சுற்று முடிந்ததும் எத்தனை ஆர்டர் தவறின என்று காட்டுகிறார்கள், ஏன் தவறின என்று காட்டுவதில்லை. கழுவிய தட்டு இல்லாமல் சூப் எத்தனை நொடி அடுப்பிலேயே கிடந்தது என்று ஒரு வரி காட்டினால் போதும், அடுத்த முறை யாரைத் தொட்டிப் பக்கம் நிறுத்துவது என்று நாங்களே பார்த்துக்கொள்வோம்.