திறப்புவிழாக் கல்லும் நினைவுக் கல்லும்

ஓர் ஊர் யாரை நினைக்கிறது என்பதைக் கொண்டே, அது எத்தகைய வாழ்வை மதிக்கிறது என்பதை அறிந்துகொள்ளலாம். கல்முனைக் கரையோரத்தில் சுவரிற் பதித்த கற்களுக்குப் பஞ்சமில்லை. மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை பொதுக் கட்டடங்களின் வாயிலை நோக்குங்கள். அடிக்கல் நாட்டிய அமைச்சர், திறந்துவைத்த பிரமுகர், 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் எழுந்தவற்றிற் கொடையாளர் என்று பெயர்கள் நிரம்பிக் கிடக்கின்றன. கல் அடுக்கிய மேசனுக்கு அங்கு இடமில்லை. அம்மண்ணில் எழுதியவருக்கும் கற்பித்தவருக்கும் கிடைத்த இடமும் சிறிதே.

இலண்டன் மாநகரில் வேறொரு வழக்கம் உண்டு. 1866இல் கலைச் சங்கம் தொடக்கிவைத்த திட்டத்தின்படி, பெரியோர் வாழ்ந்த வீட்டுச் சுவரிலேயே அவர் பெயரையும் பணியையும் பொறித்த வட்டப் பலகை பதிக்கப்படுகிறது. வறுமையிற் குழந்தைகளைப் பறிகொடுத்து கார்ல் மார்க்ஸ் குடியிருந்த டீன் தெரு வீட்டில் 1967இல் அத்தகைய பலகை ஏறியது. வழிப்போக்கரும் வரலாறு கற்கும் இவ்வழக்கம் வரவேற்கத்தக்கதே. ஆயினும் அதன் குறைகளையும் காணவேண்டும். அங்குள்ள ஆயிரத்துக்கு மேற்பட்ட பலகைகளிற் பெண்களுக்குரியவை ஐந்தில் ஒரு பங்கும் இல்லை. 1867இல் முதற்பலகை பெற்ற பைரனின் வீடோ 1889இல் இடிக்கப்பட்டது. நிலைத்த சுவரே இல்லாத குடிசைவாசிக்கு எங்கே பலகை பதிப்பது? கடல் வந்து சுவர்களையே கொண்டுபோன நம் கரைக்கு இக்கேள்வி வெறும் தர்க்கமன்று.

இன்னொரு கேள்வி: ‘நம்மூரவர்’ யார்? யாழ்ப்பாணத்திற் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ், போர்க்கால உணவு உற்பத்திக்காக 1942இற் கல்முனைக்கு வந்த அதிகாரி. நெல் விளைவிக்க வந்தவர், ஏழை மாணவரின் கல்வியையும் கருதி அதே ஆண்டிற் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தார். காரைதீவு தந்த துறவி விபுலானந்தரோடு நட்புப் பூண்டார். பிறப்பையும் மதத்தையும் அளவுகோலாகக் கொண்டு பட்டியல் வகுத்தால் இவ்விருவரின் உறவை எந்தச் சுவரில் எழுதுவது? தமிழரும் முஸ்லிம்களும் எல்லைக்கோட்டுக்காகச் சச்சரவிடும் இக்கரையில், ஊருக்கொரு பட்டியல் என்பது பிளவைக் கல்லிற் பொறிப்பதாகவே முடியும்.

பெரியநீலாவணையின் ஆசிரியர், கவிஞர் நீலாவணன் 1975இல் நாற்பத்து நான்கு வயது நிரம்புமுன் மறைந்தார். அவருடைய ‘வழி’ 1976இலும், ‘வேளாண்மை’ 1982இலுமே நூலாயின. கவிஞன் கண்மூடிய பின்பு நூலும், அதற்கும் பின்பு நினைவுக்கல்லும் என்பதுதான் நம் மரியாதையின் வரிசைமுறையா? உயிரோடிருக்கும் எழுத்தாளனின் கையெழுத்துப்படியை அச்சேற்றாத சமூகம், அவன் இறந்தபின் கல் நடுவது மரியாதையன்று. மனச்சாட்சிக்கு இடும் பூச்சு.

பெயரே தெரியாதவர்களை என்ன செய்வோம்? வயலிலும் வாசலிலும் கவி கட்டிப் பாடிய முஸ்லிம் பெண்கள் தம் பெயரை எங்கும் எழுதிவைக்கவில்லை. மருதமுனைத் தறிகளில் நெய்தவர்கள் துணியிற் கையொப்பமிடவில்லை. இக்கரையின் பண்பாட்டைச் சுமந்தவர்கள் இவர்களே.

ஆகவே கல் வேண்டாம் என்பதன்று நம் வாதம். கல் பேச வேண்டும் என்பதே. ‘இங்கே பிறந்தார்’ என்பதைவிட ‘இங்கே இதைச் செய்தார்’ என்று அது பேசட்டும். தனிப்பெயர் இல்லாத இடத்தில் ‘இத்தெருவில் நெசவாளர் வாழ்ந்தனர்’ என்று எழுதுவதற்கு யார் தடை? வாசகத்தைப் பாடசாலை மாணவர் முதியோரிடம் கேட்டு எழுதட்டும், ஆசிரியர் திருத்தட்டும், கல் நிற்கும் ஊரின் வாசிகசாலையில் அவர்தம் நூல்களும், தொகுக்கப்பட்ட கவிகளும் இருக்கட்டும். நூல் இல்லாத ஊரில் நினைவுக்கல்லும் திறப்புவிழாக் கல்லாகவே முடியும்.